58-ல் அம்மா, 27-ல் மகன்: ஒரு லைன் வீட்டில் ஓய்வு வயது செய்த வேலை

2021 பிப்ரவரி 25 அன்று, அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 59-லிருந்து 60 ஆகிறது என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அதே வாரம் குன்னூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். மார்ச் 31-ஆம் தேதியோடு வயது 58 முடிகிறது, அன்றோடு வேலையிலிருந்து பேர் எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. அவருக்கு வாசிக்க வராது. மகன்தான் வாசித்துக் காட்டினான்.

அந்த மகன் என் மாணவன். குன்னூரில் மாலை நேரத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீடுகளில் வளர்கிறவர்கள். 60 என்ற செய்தி வந்த அன்று வகுப்பே கொதித்துப் போயிருந்தது. "பெரியவங்க எழுந்திரிக்கலைன்னா நாங்க எங்க சார் உட்கார்றது?" என்று முதலில் கேட்டவன் அவன்தான். சில மாதம் கழித்து, அம்மா 58-லேயே எழுந்துவிட்டதால் அவன் படிப்பே நின்றது. இந்த இரண்டும் ஒரே வீட்டில், ஒரே வருடத்தில் நடந்ததால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. அப்போதிலிருந்து இந்தக் குடும்பத்தையும், அவன் கோபப்பட்ட மாதிரியே இரண்டு வருடம் கூடுதலாக உட்கார்ந்த ஒரு அரசு அலுவலகக் கண்காணிப்பாளரையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மூவருமே பெயர் வேண்டாம் என்றார்கள். எஸ்டேட்டையும் அலுவலகத்தையும் நானும் சொல்லப்போவதில்லை.

கண்காணிப்பாளரிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் கதை எளிது.

அவருக்குப் பள்ளிச் சான்றிதழில் பிறந்த மாதம் மே. அந்தத் தலைமுறையில் நிறைய பேருக்கு மே, ஜூன்தான் பிறந்த மாதம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்து எழுதிவிட்ட தேதி அது. அதனால்தான் மே 31 வந்தால் அலுவலகம் அலுவலகமாக மாலையும் பொன்னாடையும் நடக்கும். இவர் 2020 மே 31 அன்று 58-ல் ஓய்வு பெற வேண்டியவர். மே முதல் வாரத்தில் ஓய்வு வயது 59 என்று உத்தரவு வந்தது. அடுத்த பிப்ரவரியில் 60. கடைசியில் 2022 மே 31 அன்று வீட்டுக்குப் போனார்.

ஒரு கண்காணிப்பாளர் போனால் ஒரு நாற்காலி மட்டும் காலியாவதில்லை. ஒரு உதவியாளர் மேலே போவார், ஒரு இளநிலை உதவியாளர் உதவியாளர் ஆவார், கடைசியாகக் கீழே காலியாகும் இடத்துக்கு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு எழுதித் தேறிய ஒரு பிள்ளை வரும். மேலே ஒருவர் இரண்டு வருடம் நகராவிட்டால் இந்த வரிசை முழுவதும் நிற்கும். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அரசு அலுவலகத்தில் எத்தனை இடம் என்பது எழுதி வைத்த கணக்கு. அங்கே பெரியவர் இருக்கும்வரை சின்னவருக்கு இடம் இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் எவ்வளவு காலத்துக்கு உண்மை? வயதை 58-லிருந்து 60 ஆக்கினால் இரண்டு வருடம் வயது காரணமான ஓய்வே கிட்டத்தட்ட இருக்காது. மூன்றாவது வருடத்திலிருந்து பழையபடி ஆட்கள் போக ஆரம்பித்துவிடுவார்கள். குரூப் 4 அறிவிக்கைகளைப் பார்த்தாலே இது தெரியும். 2019 செப்டம்பரில் தேர்வு நடந்தது. அடுத்த தேர்வு 2022 ஜூலை 24. கொரோனா பெரிய காரணம், ஓய்வு நின்று போனதும் கூடச் சேர்ந்துகொண்டது. 2022-ல் முதலில் அறிவித்த இடங்கள் 7,301. மூன்று வருட இடைவெளிக்கு அது வருடத்துக்குச் சுமார் 2,400. 2024-ல் 6,244, இரண்டு வருடத்துக்கு. 2025-ல் 3,935, ஒரே வருடத்துக்கு. ஒவ்வொரு முறையும் பிறகு இடங்களைக் கூட்டினார்கள். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அடைப்பு எடுத்தபின் தண்ணீர் மறுபடி ஓடுவது தெரிகிறது.

ஆக, இடங்கள் தொலைந்து போகவில்லை, தள்ளிப் போயின. தள்ளிப் போனதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. 2019-ல் இரண்டு மூன்று கேள்வியில் தவறவிட்டு, 2020-ல் எழுதிவிடலாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்த பிள்ளைகள்தான். 2021 செப்டம்பரில் நேரடி நியமனத்துக்கான உச்ச வயதை அரசு 2 ஆண்டு உயர்த்தியது, அது நல்ல காரியம். ஆனால் தேர்வு எழுதத் தகுதி இருப்பது வேறு, அதுவரை சாப்பிட வழி இருப்பது வேறு. 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்த தேர்வு அது. மூன்று வருடம் படித்துக்கொண்டே காத்திருக்க எந்த லைன் வீட்டால் முடியும்?

கண்காணிப்பாளர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த இரண்டு வருடச் சம்பளத்தில் அவர் வீட்டுக்கு மேல்மாடி எடுத்தார். கொத்தனாருக்கும், எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பையன்களுக்கும் கொரோனா நேரத்தில் மாசக்கணக்கில் வேலை கிடைத்தது அந்த மாடியில்தான். மூத்தவர் சம்பாதித்தால் அந்தப் பணம் அவர் பெட்டியிலேயே கிடப்பதில்லை. ஊரில் இருக்கும் வேலை அளந்து வைத்த அரிசி, ஒருவர் தின்றால் இன்னொருவருக்குக் குறையும் என்கிற எண்ணம் தவறுவது இந்த இடத்தில்தான்.

பிரான்ஸ் இதைச் செய்தே பார்த்துவிட்டது. 1983-ல் முழு ஓய்வூதியத்துக்கான வயதை 65-லிருந்து 60 ஆக இறக்கினார்கள். இளைஞர்களுக்கு வேலை பெருகும் என்பது எதிர்பார்ப்பு. பெருகவில்லை. 12 நாடுகளின் பல வருடக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. பெரியவர்கள் அதிகம் வேலை செய்த காலங்களில் இளைஞர்களுக்கு வேலை குறைந்ததாக அதில் தெரியவில்லை. பெரும்பாலும் இருவருக்கும் ஒன்றாகவே கூடியது, ஒன்றாகவே குறைந்தது. இத்தாலி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே 2011-ல் ஓய்வு வயதைத் திடீரென்று உயர்த்தியபோது, ஓய்வு தள்ளிப்போன மூத்தவர்கள் நிறைய இருந்த கம்பெனிகளில் இளைஞர்களைச் சேர்ப்பது குறைந்தது. ஒரு நாடு முழுவதும் பார்த்தால் அடைப்பு இல்லை, ஒரு கட்டடத்துக்குள் பார்த்தால் இருக்கிறது, அதிலும் திடீரென்று செய்தால் நன்றாகவே இருக்கிறது. நம் அரசு அலுவலகம் அந்த மாதிரியான கட்டடம்தான்.

கண்காணிப்பாளர் 2022-ல் போன பிறகு அந்த நாற்காலி என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். பல மாதம் பக்கத்து அலுவலகத்துக் கண்காணிப்பாளர் கூடுதல் பொறுப்பில் வந்து கையெழுத்து போட்டுவிட்டுப் போனார். கீழ் வரிசை வேலையைத் தொகுப்பூதியத்தில் வந்த ஒரு கணினி ஆபரேட்டர் பெண் பார்த்தார். பிறகு தேர்வு எழுதி வந்த பையன் சமவெளிக்காரர், மலைப்படியும் குளிர்காலப்படியும் அவரைப் பிடித்து வைக்கவில்லை, மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். என் மாணவன் இரண்டு வருடம் திட்டிக்கொண்டிருந்த நாற்காலி, பெரியவர் எழுந்த பிறகும் அவனுக்கோ அவன் மாதிரி உள்ளூர்ப் பிள்ளைக்கோ வரவில்லை.

சரி, இனி லைன் வீடு.

அக்கா பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கம். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. குடும்பக் காகிதத்தில் அவர் பிறந்த வருடம் 1963 என்று இருக்கிறது. "தனுஷ்கோடி புயல் அடிச்ச வாரந்தான் நான் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்" என்கிறார் அவர். அந்தப் புயல் 1964 டிசம்பரில். அப்படியானால் 2021 மார்ச்சில் அவருக்கு 56 முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். எஸ்டேட் ஆபீசில் இதைச் சொன்னபோது, காகிதத்தில் இருப்பதுதான் வயது என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் 58 என்பதை இவ்வளவு கறாராகப் பிடிக்கிற நாம், அந்த 58 எங்கே எழுதப்பட்டது என்பதைக் கேட்பதே இல்லை.

தனியார் துறைக்கு ஓய்வு வயது இதுதான் என்று நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணையும் ஒப்பந்தமும் சொல்வதுதான் வயது. அந்த எஸ்டேட்டில் 58. வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியமும் 58-ல் ஆரம்பிப்பதால் எல்லாரும் அதையே இயற்கையான எல்லை மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஓய்வூதியத்தை 60 வரை தள்ளி வைத்தால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடக் கிடைக்கும் என்பது லைனில் யாருக்கும் தெரியாது. எனக்கே அக்காவின் காகிதங்களைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது.

அவருக்கு முட்டி வலி உண்டு. மழை நாளில் சரிவில் இறங்க முடிவதில்லை. ஆகவே ஓய்வே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவரைக் கலங்கடித்தது வீடு. லைன் வீடு வேலைக்காகக் கொடுப்பது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும், அல்லது குடும்பத்தில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாகப் பேர் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். சர்வீஸ் பணமும் இதோடு சேர்ந்து நின்றது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு. 36 வருட சர்வீசுக்கு 540 நாள் சம்பளம். 30 நாளில் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வீட்டு விஷயம் முடியட்டும் என்று ஆபீசில் சொன்னார்கள்.

வீட்டில் மூன்று பேர். அப்பா இல்லை. தங்கை நர்சிங் முதல் வருடம். மகன் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து, கோயம்புத்தூரில் ஒரு குடோனில் பாதி நாள் வேலை பார்த்துக்கொண்டு மீதி நேரம் படித்தவன். ஊரடங்கில் மேலே வந்தவன் மறுபடி இறங்கத் தயாராக இருந்தான். ஜூன் மாதம் அவன் எஸ்டேட்டில் பேர் கொடுத்தான்.

அன்று வகுப்புக்கு வந்து என்னிடம் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. "கொஞ்ச நாளைக்கு மட்டும்தான் சார்" என்றான். முதல் ஆறு மாதம் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் கூட்டத்தில் இருந்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை. அப்புறம் மருந்து அடிக்கிற வேலை. சாயங்காலம் குளித்து முடித்தாலும் தலைவலி போகாது, எட்டு மணிக்குப் படுத்துவிடுவான். 2022 ஜூலையில் தேர்வு எழுதினான். 2019-ல் வாங்கியதைவிடக் குறைவான மதிப்பெண்.

அந்த அம்மா இன்னும் இரண்டு வருடம் வேலையில் இருந்திருந்தால் வீடு இருந்திருக்கும், அவன் படித்திருப்பான். பெரியவர் இடத்தைக் காலி செய்தால் சின்னவருக்கு வழி பிறக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்த வீட்டில் பெரியவரை எழுப்பியதுதான் சின்னவரின் வழியை அடைத்தது. அவனுக்குக் கிடைத்தது ஒரு வேலைதான், ஆனால் அவன் தேடிய வேலை அல்ல, அவனால் மறுக்க முடியாத வேலை.

எஸ்டேட்டில் ஆள் அதிகமாகிப்போய் அக்காவை எழுப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. மலையில் கொழுந்து பறிக்க ஆளே இல்லை. 2001-ல் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. தமிழ்நாடு முழுக்க ஜனம் கூடிய அந்தப் பத்து வருடத்தில் இங்கே குறைந்தது. பிள்ளைகள் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள். காலி லைன்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. கொழுந்து முற்றிப்போய் நிற்கும் காடுகளை எந்த எஸ்டேட்டிலும் பார்க்கலாம். இந்த நிலையில் 36 வருட அனுபவம் இருக்கும் ஒருவரை வயதைச் சொல்லி அனுப்புகிறார்கள்.

அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற ஐந்தாவது மாதம், சீசன் கொழுந்து வந்தபோது, அக்கா அதே எஸ்டேட்டில், அதே மலையில், டெம்பரவரியாக இறங்கினார். இடுப்பில் அதே படங்கு. நகத்து இடுக்கில் அதே கறுப்புக் கறை. நாள் சம்பளம் ஏறக்குறைய அதே தொகை. வைப்பு நிதி இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை, சர்வீஸ் இல்லை. மழையில் வேலை நின்றால் சம்பளமும் நிற்கும். அவரோடு இறங்கிய டெம்பரவரிகளில் முக்கால்வாசி அவர் மாதிரி 58 முடிந்த பெண்கள். இதை ஓய்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிரந்தரத் தொழிலாளியைத் தினக்கூலியாக மாற்றும் வேலையைத்தான் அந்த 58 இங்கே செய்கிறது.

ஓய்வூதியமாக அவருக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. லைனில் சிலருக்கு ஆயிரம்தான். 2014-ல் வைத்த குறைந்தபட்ச அளவு அது. அரசு தரும் முதியோர் உதவித்தொகையே 2023-ல் 1,200 ஆனது. இந்தத் தொகையில் யார் ஓய்வெடுக்க முடியும்?

பெரியவரும் சின்னவரும் போட்டியாளர்கள் இல்லை என்பதற்கு மலை ரயில் ஒரு நல்ல சாட்சி. குன்னூரில் அந்த ரயிலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். 1899-லிருந்து மேட்டுப்பாளையம்–குன்னூர் சரிவில் ஓடுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நின்று, இன்ஜின் ஊதும் விசிலைக் கேட்டு பிரேக்கைப் பிடிப்பார். பல்சக்கரத்தில் ஏறும் வண்டியில் எந்த வளைவில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்துவிட முடியாது, கூட நின்று கற்றுக்கொள்ள வேண்டும். மூத்தவர் போகும் நாளும் இளையவர் வரும் நாளும் ஒன்றாக இருந்தால் அங்கே தொழிலே அறுந்துபோகும். கொழுந்துக் காட்டிலும் அப்படித்தான். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களுக்கு இரண்டு இலை ஒரு மொட்டு எடுக்கக் கற்றுக்கொடுத்தது அக்காதான். மொழி தெரியாமல், கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். அதற்காகத் தனியாக ஒரு ரூபாய் கிடையாது.

ஐந்து வருடம் இந்த மூவரையும் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இது. 58-ஆ 60-ஆ என்று சண்டை போடுவதற்கு முன், அந்த வயதோடு என்னென்ன கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசு அலுவலகத்தில் வயதோடு கட்டப்பட்டிருப்பது அளவான நாற்காலி. அங்கே வயதை உயர்த்த வேண்டுமானால் வருடத்துக்கு நாலைந்து மாதமாகத் தள்ளிப் படிப்படியாக உயர்த்தியிருக்கலாம். சீனா 2025-லிருந்து ஆண்களுக்கு 60-ஐ 63 ஆக்குவதை 15 வருடத்தில் நிரவியிருக்கிறது. நாம் பத்து மாதத்துக்குள் இரண்டு உத்தரவில் முடித்தோம், பாரம் முழுவதும் ஒரே செட் பிள்ளைகள் தலையில் விழுந்தது. அதோடு, ஒருவர் ஓய்வு பெறும் தேதி பல வருடம் முன்பே தெரியும். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும் வேலையை அவர் மாலை வாங்கிய பிறகு ஆரம்பிப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

எஸ்டேட்டில் வயதோடு கட்டப்பட்டிருப்பது வீடு. அந்த முடிச்சை அவிழ்க்காமல் வயதை 60 ஆக்கினாலும், 60-ல் இன்னொரு பிள்ளை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரும். ஓய்வு பெற்ற தொழிலாளி சாகும்வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்றோ, இரண்டு சென்ட் நிலம் கொடுத்து வெளியே வீடு கட்டித் தரலாம் என்றோ ஒரு ஏற்பாடு வேண்டும். வாழ்நாள் முழுக்க அந்த மலையில் உழைத்தவர் கேட்க அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. 58-க்கும் 60-க்கும் இடையில் எப்போது நிற்பது என்பதைத் தொழிலாளியே முடிவு செய்யட்டும். முட்டி போனவர் 58-ல் நிற்கட்டும், முடிந்தவர் நிரந்தரத் தொழிலாளியாகவே தொடரட்டும்.

மகனுக்கு இப்போது 30 தாண்டிவிட்டது. பட்டம் படித்தவன் என்பதால் இரண்டு வருடத்துக்கு முன் அவனைக் காட்டிலிருந்து எடுத்து, கொழுந்து எடை எழுதும் வேலையில் போட்டிருக்கிறார்கள். தினமும் மூன்று முறை நிறுவைக்கு வருகிற வரிசையில் அவன் அம்மாவும் நிற்பார். 2024-ல் எழுதினான், 2025-லும் எழுதினான். சென்ற வருடம் வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டான், புதுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் அவன்தான் எடுக்கிறான்.

சர்வீஸ் பணம் நாலாவது மாதம் வந்தது. தங்கையின் கல்லூரிக் கட்டணம் போக மீதியில் காரமடை பக்கம் இரண்டு சென்ட் வாங்கினார்கள். சொந்த வீடு எழும்பினால் அவன் எஸ்டேட்டிலிருந்து பேரை எடுத்துக்கொள்ளலாம். அஸ்திவாரம் போட்டாகிவிட்டது, சுவரும் கூரையும் பாக்கி. அதற்காக அக்கா இன்றும் காலை ஏழரைக்குப் படங்கு கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிறார்.